மோட்டார் கொட்டகையில் கூகை

கூகை கத்தினால் எழவு விழும் என்பாள் அப்பாயி. நடுநிசியில் தோப்புப் பக்கமிருந்து காடாத் துணியைக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் வரும். திண்ணையில் படுத்திருப்பவள் எழுந்து உட்கார்ந்து, "யார கூப்புடுதோ, எந்த வீட்டுக்கோ" என்று முணுமுணுப்பாள். நான் போர்வைக்குள் சுருண்டுகொள்வேன். பத்து வயதுவரை கூகை எனக்கு ஒரு குரல் மட்டும்தான். உருவம் இல்லாத குரலுக்குப் பயப்படுவது எவ்வளவு சுலபம்!

எங்கள் பக்கம் அப்போது மும்முனை மின்சாரம் பாதி நாள் ராத்திரியில்தான் வரும். அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு வரப்பில் முன்னால் போவார், நான் பின்னால். ஒரு மார்கழி இரவு, மோட்டார் கொட்டகைக் கதவைத் தள்ளியதும் உள்ளேயிருந்து பெரிய சீறல். அப்பா ஒரு கையால் என்னைப் பின்னுக்குத் தள்ளினார்.

"நவுராத தம்பி. நல்லது கெடக்கு."

ஆனால் சீறல் நிற்கவில்லை. ஒன்று அடங்கினால் இன்னொன்று தொடங்கியது. பாம்பு இப்படி முறைவைத்துச் சீறாது. டார்ச் வெளிச்சம் ஸ்டார்ட்டர் பெட்டியைத் தாண்டிச் சுவரோடு மேலே ஏறி, ஓட்டுக்கு அடியில் பழைய சாக்குகள் கிடந்த பலகையில் போய் நின்றது. அங்கே ஐந்து வெள்ளை முகங்கள். நுனி கீழே பார்க்கப் பிடித்த வெற்றிலை மாதிரி ஒவ்வொன்றும். ஐந்தும் எங்களைப் பார்த்தபடி இடமும் வலமுமாக ஆடின. மூத்ததற்கு இறகு முளைத்துவிட்டது. கடைசிக் குஞ்சு வெறும் இலவம்பஞ்சு. கூகை எல்லா முட்டைகளையும் ஒரே நாளில் இடாது. இரண்டு மூன்று நாளுக்கு ஒன்றாக இடும். முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். அதனால்தான் குஞ்சுகள் படிக்கட்டுபோல இருக்கும். இதெல்லாம் நான் பின்னால் படித்தது.

அப்பா டார்ச்சை அணைத்தார். வெளியே வந்து சுவரோரம் குந்தினோம். கொஞ்ச நேரத்தில் என் தலைக்கு மேலே ஏதோ போனது. சத்தமே இல்லை, முகத்தில் மெல்லக் காற்றுப் பட்டது, அவ்வளவுதான். நிமிர்ந்தால் கைக்கெட்டும் தூரத்தில் சுவர் விளிம்பில் தாய் உட்கார்ந்திருந்தது. அலகில் எலி தொங்கியது. நிலா வெளிச்சத்தில் அதன் கண்கள் இரண்டு கறுப்புக் குழிகளாகத் தெரிந்தன. அது என்னைப் பார்த்தது என்பதைவிட முகத்தை என் பக்கம் திருப்பிக் கேட்டது என்பதுதான் சரி. என் மூச்சைக் கேட்டிருக்கும். நெஞ்சு அடித்துக்கொண்டதைக்கூடக் கேட்டிருக்குமோ என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

கூகையால் கண்ணை உருட்ட முடியாது, கழுத்தைத்தான் திருப்ப வேண்டும். அந்த வெற்றிலை முகம் ஒலியைக் குவித்துக் காதுக்கு அனுப்புகிறது. காதுகள் ஒன்று சற்று மேலே, மற்றது கீழே. சத்தம் எந்தக் காதில் முதலில், எதில் பலமாக விழுகிறது என்பதைக் கொண்டே எலி இருக்கும் இடத்தைப் பிடித்துவிடும். திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவுசெய்து பின்னாளில் புகழ்பெற்ற ராஜர் பெய்ன், முதலில் ஆராய்ந்தது கூகையைத்தான். கும்மிருட்டு அறையில் சருகைப் பரப்பி எலியை விட்டார். சருகின் சலசலப்பை மட்டும் வைத்துக் கூகை அதைப் பிடித்தது.

மறுநாள் பகலில் தனியாகப் போய்ப் பார்த்தேன். பலகைக்குக் கீழே கறுத்த உருண்டைகள் கிடந்தன. எலியை முழுசாக விழுங்கிவிட்டு, செரிக்காத மயிரையும் எலும்பையும் கூகை இப்படிக் கக்கிவிடும். ஒன்றைக் குச்சியால் பிரித்தேன். வேர்க்கடலை அளவில் மூன்று மண்டையோடுகள். ஒன்றில் மஞ்சள் பாய்ந்த முன்பற்கள் அப்படியே இருந்தன. கதிர் பிடிக்கிற நேரத்தில் எலி வெட்டிச் சாய்த்த சம்பா வயலைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த உருண்டையின் அருமை தெரியும். கிட்டி வைத்து எலி பிடிக்க ஆள் கூப்பிட்டால் கூலி கொடுக்க வேண்டும். கூகை உட்கார வயலில் தென்னை மட்டையைத் தலைகீழாக நட்டுவைத்தால் போதும்.

நற்றிணை 83ஆம் பாட்டைப் பிறகு படித்தபோது அந்தப் பலகைதான் நினைவுக்கு வந்தது. பெருந்தேவனார் பாடியது. உண்துறைப் பக்கத்து முதுமரத்தில் குடியிருக்கும் கூகையிடம் தோழி கெஞ்சுகிறாள்: ஆட்டுக்கறியும் நெய்யும் சேர்த்த சோறு தருகிறோம், சுட்ட எலிக்கறி தருகிறோம், காதலன் வருவானென்று தூங்காமல் தவிக்கும் நேரத்தில் மட்டும் கத்தாதே என்று. குரலுக்கு அவளும்தான் அஞ்சுகிறாள். ஆனால் கூகையின் வளைந்த அலகும் கூரிய நகமும் அவளுக்குத் தெரியும், அதற்கு எது பிடிக்கும் என்பதும் தெரியும். கல்லெறிந்து விரட்டவில்லை, விருந்து வைக்கிறேன் என்கிறாள். அந்தப் பழக்கத்தை நாம் எங்கே தொலைத்தோம் என்று நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது. வட மாநிலங்களில் தீபாவளிச் சமயத்தில் பூசைக்கென்று ஆந்தைகளைப் பிடித்து விற்கிறார்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் தடுத்தும் அது நிற்கவில்லை.

அந்த வாரமே ஒரு ராத்திரி மறுபடியும் துணி கிழிகிற சத்தம். அப்பாயி எழுந்து உட்கார்ந்தாள்.

"பயப்படாதம்மா" என்றார் அப்பா, பாயில் படுத்தபடியே. "நம்ம கொட்டாயில இருக்கறதுதான். குஞ்சுகளுக்கு எலி புடிக்கப் போவுது."

அப்பாயி ரொம்ப நேரம் பேசவில்லை. தூங்கிவிட்டாள் என்றே நினைத்தேன்.

"எத்தன குஞ்சுடா?" என்றாள்.