கலம் சுமக்கும் கலம்: கிட்டங்கியிலிருந்து ஒலுவில் வரை

நாவிதன்வெளியிலிருந்து கல்முனைக்கு வருகிறவர் கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தாக வேண்டும். மாரி மழை பிடித்து, சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகளும் திறந்துவிட்டால் தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாயும். அந்த நாட்களில் மோட்டார் சைக்கிளை உழவு இயந்திரப் பெட்டியிலோ தோணியிலோ ஏற்றித்தான் அக்கரை சேர்ப்பார்கள். வடக்கே மண்டூருக்கும் குருமண்வெளிக்கும் இடையில் வாவியைக் கடக்கிற ‘பாதை’ என்ற மிதவையும் வாகனங்களையும் ஆட்களையும் சுமந்துகொண்டுதான் போகிறது. தானாக ஓடக்கூடிய ஒன்றை இன்னொன்றின் மேல் ஏற்றுவதை இந்தப் பக்கத்தில் யாரும் ஆடம்பரம் என்றோ கோழைத்தனம் என்றோ பேசுவதில்லை. ஆனால் இதே காரியம் கடலில் நடக்கும்போது, ஒரு பாய்மரப் படகைப் பெரிய கப்பலின் தளத்தில் ஏற்றி ஒரு சமுத்திரத்தைத் தாண்ட வைக்கும்போது, பணம் மிஞ்சியவர்களின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடுகிறோம். அப்படி ஒதுக்குவது தவறு என்பது என் எண்ணம். கல்முனைக் கரையின் மீன்பிடிக் கலங்களுக்கு என்ன வேண்டும் என்ற கேள்விக்கு அந்தத் தொழிலுக்குள் ஒரு பதில் இருக்கிறது.

படகைக் கப்பலில் ஏற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாரந்தூக்கியால் தூக்குவது. படகின் வயிற்றுக்குக் கீழே அகலமான வார்களைக் கொடுத்து, அவை சுக்கானிலும் சுழலியிலும் படாமல் இருக்கின்றனவா என்று சுழியோடி ஒருவர் தண்ணீருக்குள் இறங்கிப் பார்த்த பிறகே தூக்குவார்கள். தளத்தில் தாங்குகட்டைகளின் மேல் இறக்கி, அந்தக் கட்டைகளைத் தளத்தோடு பற்றவைத்து, படகை நாற்புறமும் இழுத்துக் கட்டுவார்கள். மற்றது, கப்பலையே தாழ்த்துவது. அரைமூழ்கிக் கப்பல் தன் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொண்டு தளம் நீருக்குள் போகும்வரை இறங்கும். படகுகள் தாமாக மிதந்து உள்ளே வரும். அவற்றை முட்டுக்கொடுத்து நிறுத்தியதும் நீரை வெளியேற்றிக் கப்பல் எழும். 2007 இல் கடலுக்கு வந்த 209 மீட்டர் நீளமான ‘யாட் எக்ஸ்பிரஸ்’ இந்த வேலைக்கென்றே கட்டப்பட்டது. 2000 ஒக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் குண்டுத்தாக்குதலில் பிளந்த ‘கோல்’ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ‘புளூ மார்லின்’ என்ற கப்பல் அமெரிக்காவுக்குச் சுமந்து சென்றதும் இதே முறையில்தான். இரண்டு வழிகளுக்கும் தவிர்க்க முடியாத தேவை ஒன்று உண்டு: அலை அடங்கிய, போதிய ஆழமுள்ள நீர். அது இல்லாத இடத்தில் எவ்வளவு பெரிய கப்பல் வந்தாலும் ஒரு வள்ளத்தைக்கூடப் பத்திரமாக ஏற்ற முடியாது. இந்தத் தேவைக்குத்தான் பின்னர் திரும்பி வர வேண்டியிருக்கிறது.

இந்து சமுத்திரத்தில் இப்படிப் படகைச் சுமந்து செல்வதன் பயன் வெளிப்படையாகத் தெரிந்தது 2011 இல். தென்கிழக்கு ஆசியாவிலிருந்து மத்தியதரைக் கடலுக்குப் போகும் பாய்மரப் படகுகள் வாடைக் காற்றைப் பிடித்துக்கொண்டு ஆண்டின் தொடக்க மாதங்களில் வங்கக்கடலைக் கடந்து, காலியிலோ மாலைத்தீவிலோ தங்கி, அரபிக்கடல் வழியாகச் செங்கடலுக்குப் போவது பல ஆண்டு வழக்கம். அந்த ஆண்டு பெப்ரவரியில் ‘குவெஸ்ட்’ என்ற படகைச் சோமாலியக் கொள்ளையர் பிடித்தார்கள். அதிலிருந்த நான்கு அமெரிக்கர்களும் கொல்லப்பட்டார்கள். சில நாட்களுக்குள் பிள்ளைகளோடு போன ஒரு டென்மார்க் குடும்பத்தின் படகும் பிடிபட்டது. அதன்பின் பல படகுக்காரர்கள் மாலைத்தீவில் நின்றுவிட்டு, தங்கள் கலங்களைச் சரக்குக் கப்பலில் ஏற்றித் துருக்கியில் இறக்கிக்கொண்டார்கள். 2023 நவம்பரில் ‘கலக்ஸி லீடர்’ கப்பல் செங்கடலில் கைப்பற்றப்பட்டதிலிருந்து அதே வழி மறுபடியும் ஆபத்தானதாகிவிட்டது. ஆபிரிக்காவைச் சுற்றிப் போவதா, படகைச் சுமையாக்கி அனுப்புவதா என்று அவர்கள் மறுபடியும் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று.

வசதி உள்ளவர்கள் தப்பிக்கிறார்கள், இதில் நமக்கென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பிடிபட்ட மீன்பிடிக் கலங்களைத் தாய்க்கப்பலாக வைத்துக்கொண்டு கொள்ளையர் ஆழ்கடலில் வேட்டையாடிய காலம் அது. இலங்கையின் ஆழ்கடல் படகுகளும் அவர்களிடம் சிக்கின. 2024 ஜனவரியில்கூட ஆறு பேரோடு போன ‘லொரென்சோ புத்தா 4’ கடத்தப்பட்டு, சீஷெல்ஸ் படையினரால் மீட்கப்பட்டது. உல்லாசத்துக்குப் போன கலத்துக்கு ஆபத்தைத் தாண்டிப் போகக் கப்பல் கிடைத்தது. சோற்றுக்குப் போன கலத்துக்கு அது கிடைக்கவில்லை. அந்த வேறுபாடு என்னை உறுத்துகிறது. ஆனாலும் அதற்காக முதலாமவரின் கணக்கைப் பிழை என்று சொல்ல மாட்டேன். மீனவர் படகைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு மீன்பிடிக்கப் போக முடியாது. ஆழ்கடலில் ஓடுவதே அதன் தொழில். கணக்கின் சாரம் வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கலத்தின் உடலும் இயந்திரமும் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதற்கு எல்லை உண்டு. அந்த ஆயுளை அதன் வேலைக்குச் செலவிட வேண்டும். வேலை இல்லாத இடத்தில், தவிர்க்கக்கூடிய அடிகளை வாங்குவதில் செலவிடக்கூடாது. படகைக் கப்பலில் ஏற்றுகிறவர் காசு கொடுப்பது இதற்குத்தான்.

கடலோடிகளின் திறமை இதனால் மங்கிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ இதற்குச் சரியான சாட்சியாகக் காட்டப்படும். அமெரிக்கர் ஒருவர் விலைக்கு வாங்கி ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றிய அந்தக் கப்பல், வல்வெட்டித்துறைக் கடலோடிகளும் சேர்ந்து செலுத்த, தன் பாய்களிலேயே ஓடி 1938 இல் மசாசுசெட்ஸின் குளொஸ்டர் துறையை அடைந்தது. தமிழர் கடலோடிய வரலாற்றில் நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல வேண்டிய பயணம் அது. எனினும் அந்தப் பயணமே அந்தக் கப்பலின் வேலையாக இருந்தது என்பதை மறக்கக்கூடாது. ஓடுவதற்காகவே வாங்கப்பட்ட கப்பல் ஓடியது. இன்று நீர்கொழும்புப் பக்கத்து மீனவர்கள் பருவம் மாறும்போது தங்கள் கண்ணாடியிழைப் படகுகளை லொறியில் ஏற்றிக் கிழக்குக் கரை வாடிகளுக்கு வருகிறார்கள். தீவைச் சுற்றிக் கடலால் வரவில்லை என்பதற்காக அவர்களுடைய திறமை குறைந்துவிடவில்லை. சுமந்து செல்வதிலும் ஆபத்து உண்டு என்பது உண்மைதான்: 2019 மே மாதம் ‘மை சோங்’ என்ற 130 அடிப் பாய்மரப் படகு மத்தியதரைக் கடலில் அதைச் சுமந்த கப்பலிலிருந்தே நழுவி விழுந்தது. கட்டுகள் சரியாக இருந்தாலே எந்தச் சுமையும் பத்திரம். எவரும் உயிரை வைத்து ஓட வேண்டியதில்லை என்ற அளவில் அப்போதும் கணக்கு மாறவில்லை.

இனிக் கல்முனைக்கு வருவோம். மருதமுனையிலிருந்து கல்முனை, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று தெற்கே போகும் கரை நேர்கோடான திறந்த மணற்கரை. குடாவோ முனையோ இல்லை. கரைவலைத் தோணிகளையும் சிறு படகுகளையும் மணலில் இழுத்து ஏற்றிவிடலாம். ஆழ்கடல் படகை அப்படி இழுக்க முடியாது. அது திறந்த கடலில் நங்கூரம் பாய்ச்சி நிற்க வேண்டும், அல்லது வேறு துறைமுகத்துக்குப் போக வேண்டும். கச்சான் காலத்தில் இந்தக் கடல் பொறுத்துக்கொள்கிறது. வாடை எழும்பிவிட்டால் நங்கூரத்தில் நிற்கிற படகு ஒவ்வொரு அலைக்கும் அடி வாங்குகிறது. மீன்பிடிக்காமல் நிற்கும்போதே ஆயுள் தேய்கிறது. 2004 ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டம் 10,000-க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்தது. அதன்பின் உதவியாகப் படகுகள் பல வந்தன. அவற்றை நிறுத்தும் இடம் மட்டும் பழைய திறந்த கரைதான்.

அந்த இடம் ஒலுவிலாக இருந்திருக்க வேண்டும். துறைமுக அமைச்சராக இருந்த எம்.எச்.எம். அஷ்ரப்பின் கனவான ஒலுவில் துறைமுகம், டென்மார்க்கின் கடனுதவியோடு 2008 இல் கட்டத் தொடங்கப்பட்டு 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அலைதடுப்புச் சுவர்கள் கரையோரமாக ஓடும் மணலை மறித்தன. வாயிலில் மணல் குவிந்தது. வடபுறத்தில் கரை அரித்துத் தென்னையும் காணியும் கடலுக்குள் போயின. ஆகவே துறைமுகமே வேண்டாம், அதுதான் ஊரைக் கெடுத்தது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். காணி இழந்தவர்களின் வாயிலிருந்து வரும்போது அந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிழை எங்கே நடந்தது என்று பார்க்க வேண்டும். மணல் ஓடும் கரையில் சுவர் கட்டுகிறவர், குவிகிற மணலை ஆண்டுதோறும் எடுத்து அரிக்கிற பக்கத்தில் கொட்டும் செலவையும் சேர்த்தே கட்ட வேண்டும். மறித்த மணலை மறுபக்கம் கடத்துவது உலகின் பல துறைமுகங்களில் நடக்கிற வழக்கமான பராமரிப்பு. சரக்குக் கப்பல்களின் வருமானம் அந்தச் செலவைத் தாங்கும் என்று எதிர்பார்த்தது ஒலுவிலுக்குப் பெரிய பளுவாகிவிட்டது.

சரக்குக் கப்பல் வரவில்லை என்பதால் ஒலுவில் வீணென்று முடிவு செய்வதும் துறைமுகத்தைச் சரக்கு வருமானத்தால் அளக்கிற அதே பழைய கணக்குத்தான். மாலைத்தீவில் படகு ஏற்றியவர்கள் தேடிய அலை அடங்கிய நீர், அளவான ஆழம், தூக்கி இறக்கும் வசதி ஆகிய மூன்றும் கல்முனையின் ஆழ்கடல் படகுக்கும் வேண்டியவை. வாயில் துப்புரவாக இருந்து, படகுகளைத் தூக்கிக் கரையில் வைக்க ஒரு பாரந்தூக்கியும் பழுதுபார்க்கும் தளமும் இருந்தால், வாடை மூர்க்கமாக இருக்கும் வாரங்களில் இந்தக் கரையின் கலங்கள் திறந்த கடலில் நின்று நொறுங்க வேண்டியதில்லை. செலவு யாருடையது என்பது கடைசிக் கேள்வி. உல்லாசப் படகுக்காரர் தன் பையிலிருந்து கொடுக்கிறார். ஆழ்கடல் படகுக்காரர் ஏற்கெனவே டீசலுக்கும் ஐசுக்கும் கடன் வாங்கித்தான் போகிறார், அவரிடம் கேட்க முடியாது. அவர் பிடித்து வரும் மீனால் நாடு ஏற்றுமதி வருமானம் காண்கிறது. அந்த வருமானத்தில் ஒரு பங்கை மணல் அள்ளுவதற்கென்று ஆண்டுதோறும் ஒதுக்கி வைப்பது சலுகை ஆகாது. வாடை தொடங்குவதற்கு முன், ஒக்டோபருக்குள், வாயிலைத் திறந்து வைக்கும் பொறுப்பு இன்ன அதிகாரியுடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். மணலை எடுத்துக் கொட்டும் இடம் ஒலுவிலுக்கு வடக்கே நிந்தவூர்ப் பக்கத்து அரித்த கரையாக இருக்க வேண்டும் என்பதும் அதே எழுத்தில் இருக்க வேண்டும்.