டேப்பட் கொஞ்சம் பேசட்டும்

"டேப்பட் சத்தம் சன்னமாக் கேட்டா நிம்மதியாத் தூங்குங்க சார். சத்தமே இல்லேன்னா மறுநாள் காலையில வண்டியோட வந்துடுங்க" என்றார் பாய். ஹெரால்டு காரின் உரிமையாளருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. கார் அவருடைய அப்பா வாங்கியது. போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, ஹெட் வேலை முழுக்கப் பார்த்ததில் பெரிய தொகை இறங்கியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் இன்ஜின் டிக் டிக்கென்று அடிக்கலாமா என்பது அவர் கேள்வி.

சென்னை புதுப்பேட்டையை ஒட்டிய சந்தில் தகரக் கூரை போட்டது பாயின் பட்டறை. பழைய கார்களைக் கட்டியெழுப்புகிறவர்களைப் பார்க்கப் போன எனக்கு, அன்று டேப்பட் செட்டிங், அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் வேலை, பார்க்கக் கிடைத்தது.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு சென்னைக்குச் சொந்தக் கார். பிரிட்டனில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்த வண்டி. உடலை வரைந்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதைத் தயாரித்தது. பிரிட்டனில் 1147 சிசிக்கு மாறிவிட்ட பிறகும் இங்கே 948 சிசி இன்ஜின்தான். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாய்ந்துகொள்ளும். அப்புறம் முன் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். பாயும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

இன்ஜின் முந்தின நாள் மாலையிலிருந்து ஓடவில்லை. நன்றாக ஆறியிருந்தால்தான் இந்த வேலை. முதலில் ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்சு வைத்து இன்னொரு முறை முறுக்கினார்கள். புது கேஸ்கட் நசுங்கிப் படிந்தால் ஹெட் ஒரு இழை கீழே இறங்கும். ஹெட்டோடு, வால்வை அமுக்கும் ராக்கர்களைத் தாங்கிய ஷாஃப்டும் இறங்கும். ஆனால் கீழே கேம் ஷாஃப்டிலிருந்து ஏறி வரும் புஷ் ராடின் நீளம் மாறாது. அதனால் வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறைந்துவிடும். ஹெட்டை முறுக்காமல் டேப்பட்டைத் தொட்டால் அத்தனையும் வீண்.

இந்த இன்ஜினுக்கு அந்த இடைவெளி பத்து தௌ, அதாவது 0.010 அங்குலம், கால் மில்லிமீட்டர். ஒரு விசிட்டிங் கார்டின் கனம்தான் இருக்கும். மொத்தம் எட்டு வால்வு. எதை எப்போது செட் செய்வது என்பதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். உதவிக்கு நின்ற பையன் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஃபேன் பெல்ட்டைப் பிடித்து இன்ஜினை மெல்லச் சுற்றினான்.

"மூணு முழுசாத் திறந்திருக்கு பாய்."

"அப்போ?"

"ஆறு."

திறந்திருக்கும் வால்வின் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். ஒன்று திறந்தால் எட்டு, ஐந்து திறந்தால் நாலு. ஒன்றாம் சிலிண்டருக்கு நாலாவது ஜோடி, இரண்டுக்கு மூன்று. வால்வுகளும் கண்ணாடியில் தெரிவதுபோல் எதிரெதிராக அமைந்தவை. ஒரு வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது அதன் ஜோடியின் கேம் முதுகைக் காட்டி நிற்கும். இடைவெளியை அளக்க அதுவே சரியான நேரம்.

பாய் லாக் நட்டைத் தளர்த்தி, ஃபீலர் கேஜின் தகட்டை ராக்கருக்கு அடியில் செருகி, திருப்புளியால் ஸ்க்ரூவைத் திருகினார். தகடு வழுக்கிக்கொண்டு வந்தால் இடைவெளி அதிகம். வர மறுத்தால் குறைவு. லேசாகப் பிடித்து, பிறகு விட வேண்டும். எண்ணெய் பட்ட அந்த இரும்பில் என் விரலுக்கு வித்தியாசம் தெரியவில்லை, பையனுக்குத் தெரிந்தது. லாக் நட்டை முறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பப் பார்க்கும். ஒரு கை திருப்புளியை அசையாமல் பிடிக்க, மறு கை ஸ்பேனரை இழுக்க வேண்டும். அப்புறம் தகட்டை மறுபடி விட்டுப் பார்க்க வேண்டும்.

"அளவு சரியா இருந்தும் சத்தம் அதிகமா வந்தா?" என்று கேட்டேன். கழிவு டப்பாவிலிருந்து ஒரு பழைய ராக்கரை எடுத்து என் கையில் வைத்தார். நுனியில் நகத்தை ஓட்டினால் ஒரு பள்ளம் இடறியது. வால்வுத் தண்டு வருஷக்கணக்காக அடித்துத் தோண்டிய குழி. தட்டையான தகடு குழிக்கு மேலே பாலம் போட்டதுபோல் நின்று பத்து என்று சொல்லும். உள்ளே பதினைந்து இருக்கும். அந்த நுனியைத் தேய்த்துச் சமமாக்க வேண்டும், இல்லாவிட்டால் ராக்கரை மாற்ற வேண்டும். ஸ்க்ரூவை இறுக்கிச் சத்தத்தை அடக்கக் கூடாது.

ஏன் கூடாது? எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாகும். அந்தச் சூட்டின் பெரும்பகுதி, வால்வு மூடி சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் ஹெட்டுக்குள் இறங்கும். சூட்டில் தண்டு நீளும். நீள இடம் இல்லையென்றால் வால்வு சரியாக உட்காராது. விளிம்பு வழியே நெருப்பு கசியும், வால்வு கருகும். 3000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. அதனால் கருகுவதற்கு வெகுநாள் பிடிக்காது.

பழைய கார்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. முன்பு பெட்ரோலில் கலந்த ஈயம் வார்ப்பிரும்பு சீட்டின் மேல் படிந்து அதைக் காப்பாற்றியது. 2000இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க நின்றுபோனது. அதற்குப் பிறகு கடும் ஓட்டத்தில் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும். இடைவெளி தானாகவே சுருங்கும். ஓட ஓட இன்ஜின் அமைதியாகிவிட்டதே என்று உரிமையாளர் சந்தோஷப்படும்போது உள்ளே வால்வு வெந்துகொண்டிருக்கும். அதனால் இந்த ஹெட்டில் கடினமான சீட் வளையங்களைப் பதித்திருந்தார்கள்.

எட்டும் முடிந்ததும் பிளக்கைப் போட்டு ஸ்டார்ட் செய்தார்கள். தையல் மிஷின் மாதிரி ஒரே சீரான சன்னச் சத்தம். 800 கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொன்னார் பாய்: ஹெட்டை முறுக்கி, டேப்பட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

"மறுபடியும் செலவா?" என்றார் உரிமையாளர்.

"சத்தத்தை நிறுத்திக் காட்டறது அஞ்சு நிமிஷ வேலை சார். எட்டு ஸ்க்ரூவையும் கொஞ்சம் உள்ளே திருப்பினாப் போதும். வால்வு கருகறதுக்குள்ள, பாய் வேலை பிரமாதம்னு நீங்களே நாலு பேரை இங்கே அனுப்பியிருப்பீங்க."

உரிமையாளர் சிரித்துவிட்டார். பிறகு ஓடோமீட்டரைப் பார்த்து, 800ஐக் கூட்டி, டைரியில் குறித்துக்கொண்டார்.