கல்யாண டிவிடியைக் காப்பாற்ற எந்த மென்பொருள்?

டிவிடிக்குக் காப்பு நகல் எடுக்க எந்த மென்பொருள் நல்லது? 2000களில் கல்லூரி விடுதிகளில் இந்தக் கேள்விக்கு ஆளுக்கொரு பதில் இருந்தது. ஒருவர் ஷ்ரிங்க் என்பார், அடுத்தவர் நீரோ என்பார், மூன்றாமவர் "எங்கிட்ட கிராக் இருக்கு மச்சி" என்பார் :-)

இப்போது புது மடிக்கணினிகள் பலவற்றில் டிவிடி போடும் இடமே கிடையாது. அதனால் கேள்வியும் செத்துவிட்டது என்று நினைக்கலாம். ஆனால் வீட்டு பீரோவைத் திறந்து பாருங்கள். பட்டுப்புடவைக்கு அடியில், ஜாதக நோட்டுக்குப் பக்கத்தில், மணமக்கள் படம் போட்ட பெட்டியில் மூன்று நான்கு டிவிடிகள் இருக்கும். கல்யாணம், காதுகுத்து, அறுபதாம் கல்யாணம்... 2006-இல் எழுதிய தட்டு பதினெட்டு வயதைத் தாண்டிவிட்டது. கேள்வி இப்போதுதான் அவசரமாகியிருக்கிறது.

அச்சடித்த தட்டும் எழுதிய தட்டும்

கடையில் வாங்கும் சினிமா டிவிடி தொழிற்சாலையில் அச்சில் அழுத்திச் செய்வது. அதில் தகவல் என்பது பிளாஸ்டிக்கில் பதிந்த நுண்ணிய குழிகள். ஸ்டுடியோக்காரர் கொடுக்கும் தட்டு வேறு ரகம். அது டிவிடி-ஆர். உள்ளே ஒரு சாயப் படலம் இருக்கும். லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டு அடையாளம் வைக்கிறது. சாயம் என்றால் ஒரு நாள் வெளுக்கும். வெயில், வெப்பம், ஈரம் மூன்றும் அதற்கு எதிரி. தட்டின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். இரண்டு 0.6 மி.மீ. பிளாஸ்டிக் வட்டங்களை ஒட்டிச் செய்தது, சாயம் நடுவில். ஓரத்தில் ஒட்டு விட்டால் காற்று புகும். மேலே ஒட்டிய அழகான ஸ்டிக்கர் சூட்டில் சுருங்கினால் தட்டு லேசாக வளையும், படிக்கச் சிரமப்படும்.

காமர்ஸ் பாஷையில் சொன்னால் இது தேய்மானம் உள்ள சொத்து. ஆனால் மெஷினைப் போல வருடத்துக்குப் பத்து சதவீதம் என்று ஒழுங்காகத் தேயாது. தட்டில் தகவலோடு சேர்த்துப் பிழை திருத்தும் குறியீடும் எழுதப்பட்டிருக்கும். சின்னச் சின்னச் சேதத்தை பிளேயரே சத்தமில்லாமல் சரிசெய்து காட்டிவிடும். சேதம் எல்லை தாண்டும் வரை வெளியே எதுவும் தெரியாது. போன பொங்கலுக்கு நன்றாக ஓடிய தட்டு இந்தப் பொங்கலுக்கு "நோ டிஸ்க்" என்று சொல்வது இதனால்தான்.

பூட்டும் சுருக்கமும்

தட்டில் பதிவதைச் சிலர் "சுடுவது" என்பார்கள். திருடுவதற்கும் பேச்சுத் தமிழில் அதே சொல்தான். டிவிடி மென்பொருள்களின் வரலாறு முழுக்க இந்தக் குழப்பம்தான் ஓடியது.

சினிமா டிவிடிகளில் சி.எஸ்.எஸ். என்று ஒரு பூட்டு உண்டு. 1999-இல் டிசிஎஸ்எஸ் என்ற சின்ன நிரல் அதைத் திறந்தது. அதற்காக நார்வேயின் ஜான் லெக் யோஹான்சன் மீது வழக்கு நடந்தது. 2003-இல் விடுதலையானார். அமெரிக்காவில் 321 ஸ்டுடியோஸ் என்ற நிறுவனம் டிவிடி எக்ஸ் காப்பி என்ற மென்பொருளை விற்றது. 2004 பிப்ரவரியில் நீதிமன்றம் அது சட்டவிரோதம் என்றது, அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் மூடப்பட்டது. டிவிடி டிகிரிப்டர் 2005-இல் நிறுத்தப்பட்டது. அதை எழுதியவரே பிறகு பூட்டு உடைக்கும் வேலை எதுவும் இல்லாத இம்க்பர்ன் என்ற மென்பொருளை வெளியிட்டார்.

ஷ்ரிங்க் ஏன் அவ்வளவு பிரபலம்? சினிமா டிவிடிகள் பெரும்பாலும் இரட்டை அடுக்கு, 8.5 ஜிபி. கடையில் சல்லிசாகக் கிடைத்த வெற்றுத் தட்டு 4.7 ஜிபி. பெரியதைச் சிறியதில் அடக்க வேண்டும். ஷ்ரிங்க் படத்தைச் சுருக்கி அந்த வேலையை இலவசமாகச் செய்தது.

இப்போது கல்யாணத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டுடியோக்காரர் வீட்டில் எழுதிய டிவிடி-ஆரில் பூட்டு இல்லை. பெரும்பாலும் அது 4.7 ஜிபி தட்டுதான், சுருக்கவும் தேவையில்லை. ஆக, "சிறந்த டிவிடி மென்பொருள்" என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்து விற்ற இரண்டு வசதிகளும் இங்கே வேண்டாதவை. சினிமாத் தட்டுகளின் கதை தனி. 2007-இல் மோசர் பேயர் தமிழ்ப் படங்களை விசிடி 28 ரூபாய்க்கும் டிவிடி 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது. அந்த விலையில் நகல் எடுப்பதே நஷ்டம்! தவிர, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்த்த 65ஏ பிரிவின்படி உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பது குற்றம். சினிமா தொலைந்தால் வேறு எங்காவது கிடைக்கும். கல்யாணத் தட்டுக்கு மறுபதிப்பே கிடையாது.

இருபது நொடி

ஈரோடு பக்கம் ஒரு வீடு. 2007-இல் மூத்த மகளுக்குக் கல்யாணம், நான்கு டிவிடிகள். 2014-இல் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய போட்டோக்கள் நிறைய இருக்கின்றன. குரல் மட்டும் எங்கும் இல்லை, இரண்டாவது தட்டைத் தவிர. வரவேற்பில் யாரோ மைக்கை நீட்ட, அவர் கூச்சத்தோடு நாலு வார்த்தை பேசி, "எல்லாரும் சாப்டுட்டுத்தானுங் போகோணும்" என்று முடிக்கிறார். மொத்தம் இருபது நொடி இருக்கும்.

அந்தத் தட்டு ஒரு லீவு நாளில் சரியாக அந்த இடத்துக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. ஸ்டுடியோவில் போய்க் கேட்டதற்கு, "அந்த டேப்புல அப்பவே அடுத்த கல்யாணம் எடுத்தாச்சுங்க தம்பி. கம்ப்யூட்டர்ல இருந்ததும் ஹார்ட் டிஸ்க் போனப்பவே போயிருச்சுங்க" என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல முடியாது. ஏழு வருடத்துக்கு முந்தைய டேப்பை எந்தக் கடையில் வைத்திருப்பார்கள்?

"வேற ஒண்ணும் வேண்டாம்டா தம்பி. அப்பா பேசற எடம் மட்டும் வந்தாப் போதும்" என்றாள் அக்கா.

தம்பி முதலில் தேடியதில் மேலே வந்த ஒரு கன்வர்ட்டரைத் தரவிறக்கினான். பதினைந்து நாள் இலவசம், அழகான பொத்தான்கள். ஒரு மணி நேரம் ஓடி "வெற்றிகரமாக முடிந்தது" என்றது. திறந்து பார்த்தால் படத்தின் நடுவே அந்த மென்பொருளின் பெயர். ஆரத்தி சுற்றும் கைகளில் எல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடுகள். அப்பா மைக்கை வாங்குகிறார்... அடுத்த நொடி பந்தி! படிக்க முடியாத இடத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் தாண்டிவிட்டு, வெற்றி என்று அறிவித்திருக்கிறது. தட்டை அன்றே தூக்கிப் போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும்.

அடுத்து இம்க்பர்ன். இது தட்டை அப்படியே ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்கும். சேதமான இடம் வந்ததும் நின்று, இந்த எண்ணுள்ள பகுதியைப் படிக்க முடியவில்லை, மறுபடி முயலவா, விட்டுவிடவா என்று கேட்டது. வேலை முடியவில்லை. ஆனால் நிலைமை இதுதான் என்று உண்மையைச் சொன்னது.

மூன்றாவதாக லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ. கறுப்புத் திரை, பொத்தான் எதுவும் இல்லை. இதன் புத்தி வேறு மாதிரி. நல்ல இடங்களை எல்லாம் முதலில் அள்ளிக்கொள்ளும். கெட்ட இடங்களைக் குறித்து வைத்து, கடைசியில் திரும்பி வந்து முட்டும். எது கிடைத்தது, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பும் எழுதும். அந்தக் கோப்பை வைத்துக்கொண்டு அதே தட்டை வேறொரு டிரைவில் போட்டால் பாக்கியை மட்டும் தேடும். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது சகஜம். தட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் துடைத்து (வட்டமாகத் துடைக்கக் கூடாது), மடிக்கணினியில் ஒரு இரவு, நண்பன் வீட்டுப் பழைய கணினியில் ஒரு மாலை ஓட்டினான். கடைசியில் சில பகுதிகள் மட்டும் பாக்கி. ஒரு பகுதி 2048 பைட்தான். டிவிடி படத்தில் ஏறக்குறைய அரை நொடிக்கு ஒரு முறை முழுப்படம் புதிதாக வரும், அதனால் சேதம் அடுத்த முழுப்படத்தோடு நின்றுவிடும்.

அப்பா பேசும்போது ஒரு கணம் படம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. குரல் அறுபடவில்லை.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

இந்தக் கதையிலிருந்து சில விஷயங்களை எடுத்துக்கொள்ளலாம்.

1. முதலில் முழு நகல். நல்ல நிலையில் உள்ள தட்டுக்கு இம்க்பர்ன் போதும். தகராறு செய்யும் தட்டுக்கு டிடிரெஸ்க்யூ. இரண்டும் இலவசம். ஐஎஸ்ஓ கோப்பு என்பது மெனு, அத்தியாயம் எல்லாம் சேர்ந்த முழுத் தட்டு. விஎல்சி பிளேயரில் நேரடியாக ஓடும்.

2. பார்க்க வசதியாக வேண்டுமா? மேக்எம்கேவி, படத்தைத் தொடாமல் உறையை மட்டும் மாற்றி எம்கேவி கோப்பாகத் தரும். தரம் இம்மியும் குறையாது.

3. போனில் அனுப்ப வேண்டுமா? அதற்கு ஹேண்ட்பிரேக். 2003-இல் தொடங்கிய இலவச மென்பொருள், நன்றாகச் சுருக்கும். ஆனால் இங்கே ஒரு கவனம். நம் ஊர் டிவிடி படம் பெரும்பாலும் நொடிக்கு 25 முழுப்படங்களாக இல்லாமல், ஒற்றை வரி ஒரு தரம், இரட்டை வரி ஒரு தரம் என்று 50 அரைப்படங்களாக இருக்கும். அதைச் சேர்க்கத் தெரியாத மென்பொருளில்தான் சீப்புக் கோடு வரும். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் என்ற வடிகட்டியைப் போட்டால் சரியாகிவிடும். 720க்கு 576 அளவுப் படத்தை ஹெச்டி அளவுக்கு இழுப்பதால் பயனில்லை, கோப்புதான் பெருக்கும். சுருக்கியதை மட்டும் வைத்துக்கொண்டு முழு நகலை அழிக்கவும் கூடாது.

4. பிழையைச் சொல்கிறதா? கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். டேலி ஆகாத பேரேட்டைக் காட்டுபவரை நம்பலாம். ஆகாததை மறைத்து "ஆகிவிட்டது" என்பவரை வேலைக்கு வைக்க முடியாது. அழகான பொத்தானை விட இது முக்கியம்.

5. மென்பொருள் செத்தால் நகல் திறக்குமா? மேலே சொன்ன வரலாற்றில் எத்தனை மென்பொருள்கள் போய்விட்டன! நீரோவின் என்ஆர்ஜி மாதிரி ஒரு நிறுவனத்தின் சொந்தக் கோப்பு வகையில் நகல் எடுத்தால் அதைப் பிறகு திறப்பது சிரமமாகலாம். ஐஎஸ்ஓவும் எம்கேவியும் பொதுவானவை, பல மென்பொருள்கள் திறக்கும்.

6. காசு கொடுக்க வேண்டுமா? பூட்டில்லாத வீட்டுத் தட்டுக்குப் பெரும்பாலும் தேவையில்லை. ஸ்டுடியோவில் பாதியில் நின்று சரியாக மூடாமல் விட்ட தட்டு என்றால் ஐசோபஸ்டர் மாதிரி விலை கொடுத்து வாங்கும் ஒன்று உதவும். இலவசத்தை எப்போதும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே எடுக்க வேண்டும். வேறு தளங்களில் கூடவே வேண்டாத விருந்தாளிகளும் நிறுவப்படுவார்கள்.

எடுத்த பிறகு...

ஒரு தட்டின் ஐஎஸ்ஓ நான்கு ஜிபியைத் தாண்டலாம். பல பென்டிரைவ்கள் எஃப்ஏடி32 முறையில் வரும். அதில் நான்கு ஜிபிக்கு மேல் ஒரே கோப்பு ஏறாது. எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் ஏறும். மாற்றும்போது உள்ளே இருப்பது அழியும், ஆகவே முதலில் காலி செய்துகொள்ளவும். நான்கு தட்டுகள் சேர்ந்தாலும் 19 ஜிபிக்குள் அடங்கிவிடும். ஒரு 32 ஜிபி பென்டிரைவ் போதும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வைப்பது நல்லது. பிரதி சரியாக ஏறியதா என்று கடைசி வரை ஓட்டிப் பார்க்க வேண்டும், முதல் ஐந்து நிமிடம் பார்த்தால் போதாது.

டிவிடி டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் டிரைவ் கிடைக்கிறது. ஒன்று வாங்கினால் சொந்தக்காரர்கள் எல்லார் வீட்டு பீரோவுக்கும் சேர்த்துப் பயன்படும். நல்ல தட்டை நகலெடுக்க ஆகும் நேரம் பத்துப் பதினைந்து நிமிடம். அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பெட்டியைத் திறந்து, எந்தத் தட்டு ரொம்பப் பழசோ அதிலிருந்து ஆரம்பியுங்கள்.