ஒரு சாண் பெற்றோல் நிலையம்

பெரிய பொருள்களைச் சிறு உருவிலே செய்து பார்க்கும் ஆசை மனிதனோடு பிறந்தது. நம் குழந்தைகள் மணலிலே சிறுவீடு கட்டி, மரச்செப்பிலே சோறு சமைத்து விளையாடுகின்றனர். நவராத்திரி வந்துவிட்டால் பெரியவர்களும் அவ்வாசைக்கு இடங்கொடுத்து, கொலுப்படிகளின் அடியிலே பூங்காவும் குளமும் கிராமமும் அமைத்து மகிழ்கின்றனர். மேல்நாட்டாரிடம் இதே ஆசை புகையிரத வடிவில் வளர்ந்தது. லிவர்பூல் நகரத்துப் பிராங் ஹோர்ன்பி என்பவர் 1901ஆம் ஆண்டில் ‘மெக்கானோ’ என்னும் பொருத்து விளையாட்டுக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார்; 1920இல் விளையாட்டுப் புகையிரதங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். ஜெர்மனியின் ஹம்பர்க் நகரிலே பிரவுண் சகோதரர்கள் 2001இல் திறந்த சிற்றுருவப் புகையிரதக் காட்சிச்சாலையைக் காண இன்று உலகின் பல பாகங்களிலிருந்தும் மக்கள் செல்கின்றனர்.

இத்தகைய அமைப்புகளில் தண்டவாளத்தைச் சுற்றி ஓர் ஊரே எழுந்துவிடும். நிலையம், கடை, கோயில், பாலம் என்று வரிசையாக வரும் கட்டடங்களுள் பெற்றோல் நிலையத்துக்குத் தனியிடம் உண்டு. அது உருவிலே சிறியது, நிறத்திலே பளிச்சென்றிருப்பது, வண்டிகளும் மனிதரும் வந்து நிற்கும் இடமாதலால் அங்கே எப்போதும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஹோர்ன்பியின் தொழிற்சாலை 1935ஆம் ஆண்டிலேயே சின்னஞ்சிறு பெற்றோல் பம்பிகளை விளையாட்டுப் பொருளாக விற்றது என்றால், இவ்விருப்பம் எத்துணைப் பழையது என்பது விளங்கும். அத்தகைய ஒரு நிலையத்தை எங்கள் மாணவரும் நானும் மடுல்கெல்லையிலே கட்டிய கதையைத்தான் இங்கே சொல்லப் போகின்றேன்.

மடுல்கெல்லைக்குப் புகையிரதம் வருவதில்லை. நக்கிள்ஸ் மலைச்சரிவிலுள்ள எங்கள் ஊரிலிருந்து புகையிரதத்தைக் காண வேண்டுமாயின், பஸ் ஏறிப் பன்வில வழியாக வத்தேகம வரையில் இறங்கிச் செல்ல வேண்டும். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையில் 1864இல் ஓடத் தொடங்கிய புகையிரதம் 1867இல் கண்டியை அடைந்தது; 1880இல் மாத்தளைக்குச் சென்றது. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகவே அன்று அப்பாதை இடப்பட்டது. அக்கோப்பித் தோட்டங்களில் உழைக்க மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரையில் காட்டுவழியே நடந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் எங்கள் மாணவருள் பலர். புகையிரதத்தைத் தூரத்தே நின்று கண்ட அவர்களுட் சிலர் அதில் ஏறியதேயில்லை.

எனவே, வெளிநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர் சிறு புகையிரத இயந்திரம் ஒன்றும், நான்கு பெட்டிகளும், வளையமாகப் பொருத்தத்தக்க தண்டவாளமும் பாடசாலைக்கு அனுப்பியபோது எழுந்த ஆரவாரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. வாணி விழாவுக்குள் அதைச் சுற்றி வத்தேகமப் பாதையின் சாயலில் ஓர் ஊரை அமைப்பது என்று தீர்மானித்தோம்.

நான் கணிதம் கற்பிப்பவன். ஆதலால் முதலில் தண்டவாளத்தை அளக்கச் சொன்னேன். இரண்டு தண்டவாளங்களுக்கும் இடையே 16.5 மில்லிமீற்றர் இருந்தது. நம் நாட்டு அகலப்பாதையின் இடைவெளி ஐந்தரை அடி. அதாவது 1,676 மில்லிமீற்றர். இங்கிலாந்தில் இச்சிறு தண்டவாளத்தை எழுபத்தாறில் ஒரு பங்கு அளவுள்ள வண்டிகளுக்குப் பயன்படுத்துகின்றனர். நம் பாதையையோ அது ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவிலே காட்டுகின்றது. இதைக் கண்டுகொண்டதும் மாணவர் துள்ளினர். நூற்றில் ஒரு பங்கு என்றால் கணக்கு எத்துணை எளிது! ஒரு மீற்றருக்கு ஒரு சென்றிமீற்றர், அவ்வளவுதான். வந்த பெட்டிகள் இவ்வளவுக்குச் சற்றுப் பெரியவைதாம். ஆனால் நம் நாட்டுப் பெட்டிகள் இங்கிலாந்துப் பெட்டிகளிலும் அகலமானவை ஆதலின் கண்ணுக்கு உறுத்தவில்லை.

பெற்றோல் நிலையத்தைக் கட்டும் பொறுப்பை நான்கு மாணவர் ஏற்றனர். கண்டிக்குப் போகும் வழியிலுள்ள ஒரு நிலையத்தின் உரிமையாளரிடம் அனுமதி பெற்று, அளவுநாடாவும் கொப்பியுமாக ஒரு சனிக்கிழமை முற்பகல் முழுவதும் அங்கே நின்றோம். மக்கள் ‘பெற்றோல் செட்’ என்று சொல்லிவிட்டுக் கடந்துபோகும் அந்த இடத்தில் அளப்பதற்கும் கேட்பதற்கும் எத்தனை பொருள்கள்! கூரை தரையிலிருந்து ஐந்து மீற்றர் உயரம். பம்பி ஓர் ஆளின் உயரம். பின்மதிலோரம் மூன்று நெடிய குழாய்கள் காரணமின்றி வானை நோக்கி நிற்பனபோல் நின்றன. அவை எதற்கு என்று மாணவன் ஒருவன் கேட்டான். நிலத்தின் கீழே புதைத்த தாங்கிகளின் மூச்சுக்குழாய்கள் அவை. பவுசர் வந்து எண்ணெயை இறக்கும்போது தாங்கியிலுள்ள ஆவி வெளியேற வேண்டும். பம்பி எண்ணெயை இழுக்கும்போது காற்று உட்புக வேண்டும். ஆவி தீப்பற்றும் தன்மையது ஆதலால் அது மனிதர் நடமாடும் உயரத்துக்கு மேலே சென்று கலைய வேண்டும். இந்த மூன்று குழாய்களையும் மறந்து கட்டிய மாதிரி, மூக்கில்லாத பொம்மையைப் போன்றது என்று சொல்லி வைத்தேன்.

வீடு திரும்பியதும் வேலை தொடங்கிற்று. இருபது மீற்றர் அகலமுள்ள அந்நிலையம் எங்கள் பலகையிலே இருபது சென்றிமீற்றர், ஏறக்குறைய ஒரு சாண் இடத்தில் அடங்கியது. பற்பசைப் பெட்டியின் அட்டை கூரையாயிற்று. மை தீர்ந்த எழுதுகோற் குழல்கள் தூண்களாயின. தென்னை ஈர்க்குகள் மூச்சுக்குழாய்களாயின. கறுப்பு நூலைப் பசையிலே தோய்த்து உலர்த்தி, பம்பிகளின் குழாயாக வளைத்தோம். தச்சர் மரம் தேய்க்கும் கடதாசி சீமெந்துத் தரையாயிற்று. நீர்கலந்த கறுப்பு வர்ணத்தைத் தூரிகை நுனியால் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தொட்டதும் எண்ணெய்க் கறை படிந்தது. தீயணைக்க மணல் நிரப்பித் தொங்கவிட்டிருக்கும் வாளிகளுக்குச் சிவப்புப் பாசிமணிகள் பொருந்தின. பின்னே எழும் மலைக்கு, சாயம் இறக்கிய தேயிலைத் தூளை வெயிலில் உலர்த்தித் தூவினோம். மண்ணின் நிறம் அப்படியே வந்தது. பச்சை வர்ணம் ஏற்றிய பஞ்சை ஒரு சென்றிமீற்றர் உயரத்தில் மட்டமாக வெட்டித் தேயிலைச் செடிகளாக ஒட்டினோம். எங்கள் ஊர்த் தேயிலையை எங்கள் ஊர்த் தேயிலையின் மேலேயே நட்டோம் எனலாம்.

அடுத்து வந்தது பெயர்ப்பலகை. இங்கேதான் வரலாறு உள்ளே நுழைந்தது. பெயர்ப்பலகை எழுத வேண்டுமானால் இந்த ஊர் எந்த ஆண்டில் நிற்கின்றது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும். 1960ஆம் ஆண்டாயின் ஷெல், கால்டெக்ஸ் போன்ற அந்நியக் கம்பனிகளுள் ஒன்றன் பெயர் வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தினால் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் பிறந்தது. அந்நியக் கம்பனிகளின் சொத்துகள் சுவீகரிக்கப்பட்டதை முன்னிட்டு, அமெரிக்கா 1963இல் தன் உதவியை நிறுத்திற்று. 1964 ஜனவரி முதல் நாட்டின் எரிபொருள் விநியோகம் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. 2003இல் இந்தியக் கம்பனியும், 2023இல் சீனக் கம்பனியும் வந்தன. விரலளவுப் பலகை ஒன்று அறுபது ஆண்டு அரசியலைச் சொல்லவல்லது என்பதை மாணவர் அன்று கண்டனர்.

“எந்த ஆண்டை எடுத்துக்கொள்வோம்?” என்று கேட்டேன். நால்வருள் ஒருத்தி, பத்தாந் தரத்தில் படிப்பவள், சற்றும் தயங்காது, “2022, சேர்” என்றாள்.

அந்த ஆண்டை இந்நாட்டில் மறந்தவர் இலர். அந்நியச் செலாவணி வற்றியதால் எண்ணெய்க் கப்பல்களுக்குக் கொடுக்கப் பணமில்லை. ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி ஏனையோருக்கு எரிபொருள் வழங்குவதை அரசு நிறுத்திவைத்தது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை முறை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நான்கு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து, காருக்கு இருபது. 2023 செப்டெம்பரில் அம்முறை நிறுத்தப்படும் வரையில் எண்ணெய் பங்கிட்டே வழங்கப்பட்டது.

2022 என்றால் வரிசை வேண்டும். முச்சக்கர வண்டி ஒன்று எங்கள் அளவிலே 26 மில்லிமீற்றர். இடைவெளியோடு மூன்று சென்றிமீற்றர் என்று கொண்டால், ஒரு கிலோமீற்றர் வரிசைக்குப் பத்து மீற்றர் பலகை வேண்டும்! எங்களிடம் வீதிக்கு இருந்த நீளமோ ஒரு மீற்றர். மாணவரே இதற்கு வழி கண்டனர். பலகையின் விளிம்பிலே நிற்கும் கடைசி வண்டியைப் பாதியாக வெட்டி ஒட்டினர். மீதிப் பாதியும் அதன் பின்னே நிற்கும் நூற்றுக்கணக்கான வண்டிகளும் காண்பவர் மனத்திலே நீண்டுகொண்டு போயின.

அந்த மாணவியோ வண்டிகளில் கைவைக்கவில்லை. நிலையத்தின் ஓரத்திலுள்ள மண்ணெண்ணெய்ப் பம்பியைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாள். தீக்குச்சியை மூன்று மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டினாள். ஐந்து லீற்றர்க் கேன் நூற்றில் ஒரு பங்காகக் குறுகினால் அந்த அளவுதான் இருக்கும். வெள்ளையும் நீலமுமாக வர்ணம் பூசி, தடித்த கடதாசியில் வெட்டிய பெண்ணுருவங்களின் கையிலே அவற்றை ஒட்டினாள்.

என் ஆசிரிய நண்பர் ஒருவர் இதைக் கண்டு முகஞ்சுளித்தார். “வாணி விழாவுக்கு வருவோர் கண்ணுக்கு இனிய காட்சியைக் காண வருகின்றனர். நம் வறுமையைப் பொம்மையாக்கிக் கொலுவுக்கு அருகிலே வைப்பதா? தோட்டப்புற மக்கள் என்றாலே துன்பந்தானா என்று பிறர் எண்ணமாட்டார்களா?” என்றார். அவர் சொன்னதைத் தள்ளிவிட முடியாது. மலையகத்தவரைப் பரிதாபத்துக்குரியவராக மட்டுமே காட்டும் படங்களும் கதைகளும் போதுமான அளவு வந்துவிட்டன. பிள்ளைகள் தம் ஊரைப் பற்றிப் பெருமை கொள்ளட்டும் என்று அவர் விரும்பியதில் நியாயம் உண்டு.

ஆயினும், செய்தவளைக் கேளாமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேட்டேன். “அழகுக்காக இல்லை, சேர். எங்க அம்மாயி ரெண்டு நாள் அங்கதான் நின்னாங்க. அவங்க இல்லாம அந்த செட்டை எப்படிச் செய்யிறது?” என்றாள்.

லயன் அறையிலே விளக்குக்கும் அடுப்புக்கும் மண்ணெண்ணெயை நம்பியிருப்போர் இன்றும் உளர். வாகனம் உடையவனுக்கு எண்ணெய் இல்லையென்றால் பயணம் நின்றது. இவர்களுக்கோ உலை நின்றது. 2022 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மேலும், பெற்றோல் நிலையத்தின் வரலாற்றிலேயே மண்ணெண்ணெய்க்கு முதலிடம் உண்டு. 1885ஆம் ஆண்டில் அமெரிக்காவின் போர்ட் வெய்ன் நகரிலே சில்வேனஸ் பவுசர் என்பவர் ஒரு கடைக்காரருக்குச் செய்துகொடுத்த பம்பி, மண்ணெண்ணெய் அளந்து ஊற்றுவதற்காகவே பிறந்தது. மோட்டார் வண்டிகள் பெருகிய பின்னரே அது பெற்றோலுக்கு வந்தது. எண்ணெய் கொணரும் லொறியை நாம் இன்றும் பவுசர் என்று சொல்வது அவர் பெயரால்தான். இவற்றையெல்லாம் நண்பரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் முழுதும் உடன்படவில்லை. “அப்படியானால் அந்தப் பெண்கள் அழுதுகொண்டு நிற்க வேண்டாம்” என்று மட்டும் சொன்னார். அதுவும் நல்ல யோசனையே.

வாணி விழா அன்று அந்த அம்மாயி வந்தார். பேத்தி கைபிடித்து அழைத்துவர, குனிந்து வெகுநேரம் பார்த்தார். பின்பு சிரித்தார். “நாங்க எங்க புள்ள நின்னோம்? கேனைத்தான் நிக்க வச்சோம். கைப்பிடியில கயிறு கோத்து வரிசையா வச்சிட்டு, நாங்க மதிலோரம் உட்கார்ந்து வெத்தில போட்டுக்கிட்டுப் பேசிக்கிட்டிருந்தோம்” என்றார்.

யாரும் அழவில்லை, யாரும் ஏங்கி நிற்கவுமில்லை. இரண்டு நாள் காத்திருப்பை அந்தப் பெண்கள் தமக்குள்ளே பங்கிட்டு, பேசிக் கழித்திருக்கின்றனர். அன்று மாலையே மாணவி கேன்களைப் பெயர்த்தெடுத்து, ஒரே நூலிலே கோத்துப் பம்பியின் முன் வரிசையாக வைத்தாள். பெண்களை மதிலின் நிழலிலே உட்காரவைத்தாள். என் நண்பர் வந்து பார்த்து, மதில் இன்னும் சற்று உயரமாயிருந்தால் நிழல் நன்றாக விழும் என்றார். மறுநாள் அவரே அட்டை கொண்டுவந்து உயர்த்திக் கொடுத்தார்.

மாணவ மாணவியருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. இதற்குப் புகையிரதம் வேண்டியதில்லை. வெளிநாட்டிலிருந்து பெட்டியும் வர வேண்டியதில்லை. ஓர் அளவுகோலும், கத்தரிக்கோலும், வீட்டில் எறியும் அட்டையும் போதும். உங்கள் ஊரிலே நாள்தோறும் கடந்துபோகும் ஒரு கட்டடத்தைத் தெரிந்தெடுங்கள்: கூட்டுறவுக் கடையோ, தபாற் கந்தோரோ, கொழுந்து நிறுக்கும் மடுவமோ எதுவாயினும் ஆகுக. அதை அளவுகோலால் அளந்து முடித்த பின்னர், அங்கே காத்துநின்ற மூத்தவர் ஒருவரை அழைத்துவந்து காட்டுங்கள். அளவுகோலுக்கு எட்டாத ஒன்றை அவர் நிச்சயம் சொல்லுவார். அதையும் செய்து சேர்த்துவிட்டு, பின்பு பசையை உலர விடுங்கள்.