நீ பாத்தாச்சு இல்ல?

மியூனிக்.

சித்தப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது ஒரு முழுநீளத் தாளின் படம். மின்வாரியத்தில் முப்பத்து நாலு வருஷம் கணக்கு எழுதிய கை. கட்டம் போட்டு, சிவப்பு மையில் தலைப்பு எழுதி, அடியில் நாட்களைக் கூட்டி வேறு காட்டியிருந்தார். பதினாலு நாள்: ஆம்ஸ்டர்டாம், பாரிஸ், சுவிஸ், மியூனிக், வெனிஸ், ரோம். கடைசி வரியில், "கொஞ்சம் நெருக்கடியாத் தெரியுது. எதை எடுக்கலாம்னு நீயே சொல்லு."

இந்தக் கேள்விக்காகவே பத்தொன்பது வருஷமாக இங்கே குடியிருப்பவன் போல உடனே பதில் போட்டேன். வெனிஸை எடுத்துவிடுங்கள், பாரிஸையும் எடுத்துவிடலாம். ஒரே கூட்டம், எல்லாம் யானை விலை, பிக்பாக்கெட் தொல்லை. பதிலுக்கு இங்கே ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் இருக்கிறது, பாம்பெர்க் இருக்கிறது. ஆறு, பழைய பாலம், கோபுரம், எல்லாம் உண்டு, நிம்மதியாக நடக்கலாம் என்றேன்.

"சரிப்பா" என்று மட்டும் வந்தது. இரண்டு நாள் கழித்துச் சித்தி போன் செய்தார்.

"வெனிஸ் வேணாம்னு சொல்லிட்டியாமே?"

"கூட்டம் சித்தி. நிக்க இடம் இருக்காது."

"நீ எத்தனை தடவ போயிருக்கே?"

"மூணு."

"அப்ப நீ பாத்தாச்சு இல்ல?"

குரலில் கோபம் இல்லை. ரசத்துக்கு உப்பு போட்டாச்சா என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார். சித்தியின் அப்பா, விகடனில் மணியன் எழுதிய 'இதயம் பேசுகிறது' பயணக் கட்டுரைகளைக் கத்தரித்து பைண்டு பண்ணி வைத்திருந்தவர். கல்யாணச் சீரோடு அந்தத் தொகுப்பும் கும்பகோணத்துக்கு வந்தது. லீவுக்குப் போகும்போதெல்லாம் பரணில் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகுப்போடு வந்தவருக்கு நான் பாம்பெர்க் என்று பதில் சொல்லியிருக்கிறேன்.

வெனிஸ் எனக்கு ஆறேழு மணி நேர ரயில் தூரம். பிடிக்காவிட்டால் அடுத்த வருஷம் போய்க்கொள்ளலாம். "அந்த ஊரை விட்டுவிடு" என்பது திரும்பவும் போக முடிந்தவனின் யோசனை. அறுபத்தாறு வயதில், முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, ஒரே ஒரு தடவை வரப்போகிறவருக்கு அதைச் சொல்வது பந்தியில் முதல் வரிசையில் சாப்பிட்டு எழுந்தவன், பாயசம் அவ்வளவு ஒன்றும் சரியில்லை என்று வாசலில் நின்று சொல்வதைப் போல.

இதில் கொஞ்சம் ஜம்பமும் உண்டு. எல்லோரும் போகிற ஊருக்குப் போகாதவன் என்ற ஜம்பம். பல வருஷம் முன்பு சால்ஸ்பர்க் வேண்டாம், ஹால்ஸ்டாட் போங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏரிக்கரையில் சுமார் 750 பேர் வாழ்கிற ஆஸ்திரியக் கிராமம். இப்போது கோடையில் அதைப் போல் பல மடங்குப் பேர் தினமும் இறங்குகிறார்கள். 2023-ல் செல்ஃபி எடுக்கும் இடத்தை மறைத்து மரத்தடுப்பு வைத்துப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். பாரிஸ் எத்தனை பேர் வந்தாலும் விழுங்கிவிடும், ஹால்ஸ்டாட்டால் முடியாது. கூட்டத்தை அங்கே திருப்பிவிட்டதில் அணில் பங்கு எனக்கும் உண்டு.

அதனால் சித்தப்பாவின் தாளை மறுபடி எடுத்து, இந்தத் தடவை ஊர்ப்பெயர்களை விட்டுவிட்டு ஊர் மாறும் நாட்களைக் கணக்குப் பண்ணினேன். பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் மூன்று மணிக்கு முன் அறை கிடைக்காது. நடுவில் பெட்டி, பிளாட்பாரம், கழிப்பறைக்குச் சில்லறை. ஆறு ஊர் என்றால் ஐந்து நாள் இப்படியே போகும். நெருக்கடி வெனிஸால் வரவில்லை, எண்ணிக்கையால் வந்தது. ஆம்ஸ்டர்டாமும் ரோமும் போகட்டும் என்றேன். ரோம் அந்த வருஷம், 2025, யூபிலி ஆண்டு வேறு. யாத்திரிகர் கூட்டம் தனி. இருந்தாலும் ரோமை வெட்டியது இன்னும் உறுத்துகிறது. வெனிஸிலிருந்து நாலு மணி நேர ரயில்தான்.

வெட்டும்போது விசாவையும் பார்க்க வேண்டும். பலர் இதைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டிடம் கேட்க வேண்டும், நாட்கள் சமமானால் முதலில் இறங்கும் நாட்டிடம். ஓர் ஊரை எடுத்தால் எந்தத் தூதரகத்துக்குப் போவது என்பதே மாறிவிடலாம். 2024 ஜூனிலிருந்து ஆளுக்கு 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. எங்கள் வீட்டில் ஆறு ராத்திரி என்பதால் ஜெர்மனி என்று முடிவானது.

கூட்டத்தைப் பற்றி ஒரு தடவை இழுத்தபோது சித்தப்பா சொன்னார்: "2016 மகாமகத்துக்கு ஊரே தாங்காத அளவுக்கு ஜனம். நாங்க என்ன ஊரை விட்டா ஓடிட்டோம்? விடியக்காலை மூணு மணிக்குப் போய் முங்கிட்டு வந்து படுத்துட்டோம்." 1992 மகாமக நெரிசலில் குளக்கரையில் பலர் இறந்ததையும் அறிந்தவர். நெரிசல் என்றால் என்னவென்று அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

வெனிஸின் நுழைவுக் கட்டணத்தைப் பற்றிச் சொன்னதும் அவர் போட்ட கணக்கு எனக்கு இத்தனை வருஷமாகத் தோன்றவில்லை. 2024 ஏப்ரலில் தொடங்கியது அது. குறிப்பிட்ட சில நாட்களில், காலை எட்டரையிலிருந்து மாலை நாலு வரை, பகலுக்கு மட்டும் வந்து போகிறவர்கள் 5 யூரோ கட்ட வேண்டும். 2025-ல் கடைசி நேரத்தில் பதிகிறவர்களுக்கு 10. ராத்தங்குகிறவர்களுக்குக் கிடையாது. "எட்டரைக்கு முன்னாடியும் நாலுக்கு அப்புறமும் காசு வாங்கலேன்னா, அப்பதான் ஊர் காலியா இருக்கும்னு அவனே சொல்றான்ல?" என்றார்.

மலிவு என்று எல்லோரையும் பாலத்துக்கு இந்தப் பக்கம் மெஸ்த்ரேயில் தங்கச் சொல்வது என் வழக்கம். இவர்களைத் தீவுக்குள்ளேயே, சாந்தா லூச்சியா ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு ராத்திரி வைத்தேன். அந்த ஊரில் நானூறுக்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படிகள்தான். ஸ்டேஷனிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு பாலம் ஏறாமல் போய்ச் சேருகிற விடுதி சித்தியின் முழங்காலுக்கு அவசியம்.

மே மாதம் போனோம். பகலில் சான் மார்க்கோ சதுக்கத்தின் பக்கமே போகவில்லை. இரண்டாவது நாள் ஆறு மணிக்கே எழுந்து ஒன்றாம் எண் படகு. 75 நிமிஷத்துக்கு ஒன்பதரை யூரோ டிக்கெட். "தொள்ளாயிரம் ரூபாய்க்கு டவுன் பஸ்" என்று சித்தப்பா டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். பெருங்கால்வாயில் குப்பைப் படகு, கோதுமை மாவு மூட்டைப் படகு, அட்டைப்பெட்டிகளை ஏற்றிய கூரியர் படகு. ஊர் பல் தேய்க்கிற நேரம். சித்தி கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்பக்கமே நின்றார், உட்காரச் சொன்னால் கேட்கவில்லை.

சான் பர்னபா பாலத்தடியில் ஒரு காய்கறிப் படகு கட்டிக் கிடக்கும். கடையே படகில்தான். சித்தி நேராகப் போய் உருண்டை கத்தரிக்காய் ஒன்றை எடுத்துக் காம்பை அழுத்திப் பார்த்தார். படகுக்காரர் பதறிக் கையை ஆட்டினார். இத்தாலியில் காயைத் தொடக் கூடாது, அவர்கள்தான் எடுத்துத் தருவார்கள். சித்தி காயை மெதுவாக வைத்துவிட்டு, "தொடாம எப்படிடா கத்தரிக்கா வாங்குறது?" என்றார், நிஜமான கவலையோடு.

கோண்டோலாவுக்கு அரை மணிக்கு 90 யூரோ என்றதும் பேச்சு முடிந்தது. சான் தோமா ஓடத்துறையில் இரண்டு யூரோவுக்கு அக்கரை விடுகிறார்கள், அதே மாதிரிப் படகு, இரண்டு துடுப்புக்காரர். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. போட்டோவில் வித்தியாசம் தெரியாது.

சான் பார்த்தலோமேயோ சதுக்கத்து மருந்துக்கடை ஜன்னலில் ஒரு எண் பலகை உண்டு. பழைய நகரத்தில் மிச்சமிருக்கும் குடிகளின் எண்ணிக்கையைக் காட்டுவது. 1950-களின் தொடக்கத்தில் 1,70,000-க்கு மேல் இருந்தது, இப்போது 50,000-க்கும் கீழே. சித்தப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த எண்ணை நோட்டில் குறித்தார். "நாம வந்து மூணு பேர் கூடியிருக்கோம். இதுல ஏறாது" என்றார்.

பாரிஸில் நான் அசடு வழிந்ததையும் சொல்லிவிடுகிறேன். லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு நான் ஒதுக்கியிருந்த நாள் செவ்வாய்க்கிழமை. லூவ்ருக்குச் செவ்வாய்தோறும் விடுமுறை. மறுநாள் ஊருக்கு விமானம். கண்ணாடிப் பிரமிடு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். சித்தி என்னைத் திட்டவில்லை. ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த புளிசாதத்தைப் பிரித்து, எனக்குத்தான் முதலில் கொடுத்தார்.

ஊர் திரும்பி மாசங்கள் ஆகிவிட்டன. போன வாரம் சித்தியின் தம்பி குடும்பம் ஐரோப்பா கிளம்புவதாகப் பேச்சு வந்திருக்கிறது. அவர்களும் ஒரு தாளில் ஊர் எழுதி சித்தப்பாவிடம் காட்டினார்களாம். சித்தி போனில் சிரித்துக்கொண்டே சொன்னார்:

"உங்க சித்தப்பா என்ன சொன்னார் தெரியுமா? வெனிஸா, அதெல்லாம் ஒரே கூட்டம், எடுத்துருங்கன்னுட்டார்."