தொடாமல் தள்ளும் சக்தி

பிரிக்பீல்ட்ஸில் கேஎல் சென்ட்ரலிலிருந்து கிளானா ஜெயா தட ரயிலில் நீங்களும் ஏறியிருப்பீர்கள். 1998இல் ஓடத் தொடங்கிய தடம் அது. அந்த ரயிலின் சக்கரங்களை எந்த மோட்டாரும் சுழற்றுவதில்லை. அவை பாரம் மட்டுமே சுமக்கின்றன.

"அப்படியானால் யார் தாத்தா தள்ளுவது?" என்றாள் பேத்தி.

தண்டவாளங்களின் நடுவே ஓடும் அலுமினியப் பட்டையைக் காட்டினேன்.

"அலுமினியம் காந்தத்தில் ஒட்டாதே!"

ஒட்டாதுதான். ஆனால் பெட்டியின் அடியிலுள்ள கம்பிச் சுருள்களில் மின்சாரம் பாய்ந்தால், காந்தப்புலம் அலைபோல் நகரும். அது பட்டையில் மின்சாரத்தைத் தூண்டும். அம்மின்சாரத்தின் காந்தவிசையே வண்டியைத் தள்ளும். இரண்டும் தொடுவதில்லை, நடுவே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. அங்கே காற்றே இல்லாவிட்டாலும் விசை பாயும்.

இந்தத் தூண்டலை 1831இல் கண்டவர் மைக்கேல் ஃபாரடே. காந்தத்தைச் சுற்றிய வெளி வெறுமையல்ல, விசைக்கோடுகள் நிறைந்தது என்றார். கொல்லரின் மகன், 14 வயதில் புத்தகம் கட்டும் கடைக்கு வேலைக்குப் போனவர், உயர்கணிதம் படிக்காதவர்.

"லயத்துப் பிள்ளைக்கு விஞ்ஞானம் எதற்கு?" என்று சிறுவயதில் என்னைக் கேட்டார்கள். நானும் வாயை மூடிக்கொண்டேன். உங்கள் பிள்ளை "ஏன்?" என்று கேட்டால், தயவுசெய்து அதட்டாதீர்கள்.