ஏழு பின்கள்

போன மே மாதம் மகள் வீட்டில் நான் செய்த ஒரு காரியத்தை இதுவரை இங்கே எழுதவில்லை. எழுதிப் பெருமைப்படுகிற காரியமில்லை என்பதுதான் காரணம். "அதையும் எழுதுங்க தாத்தா" என்று பேரன் இரண்டு முறை சொல்லிவிட்டான். அவனும் அதில் பங்காளி.

மகள் வீடு மாமல்லபுரத்துக்கு வடக்கே, தேவனேரிப் பக்கம். மாடியில் நின்றால் சவுக்குத் தோப்புக்கு மேலே கடல் ஒரு கோடாகத் தெரியும். பார்க்க அழகு. குடியிருக்கிறவர்களைக் கேட்டால்தான் மற்றது தெரியும். ஜன்னல் கம்பிக்கு வருஷா வருஷம் பெயின்ட் அடிக்க வேண்டும். பூட்டுக்கு எண்ணெய் விடாவிட்டால் சாவி திரும்பாது. போதாததற்குத் தெருக்கோடியில் ஒரு சிற்பக் கூடம். முன்பெல்லாம் உளிச் சத்தம்தான் கேட்கும். இப்போது பாதி வேலை கிரைண்டரில். அது கிளப்புகிற கல்தூசி, உப்புக் காற்றின் ஈரத்தோடு சேர்ந்து வீட்டிலுள்ள எல்லாவற்றின் மேலும் மாவு மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

மாப்பிள்ளை கட்டட வரைபடம் போடுகிறவர். பிளான் போடுவதோடு, கட்டி முடித்தால் வீடு எப்படி இருக்கும் என்று படமாகவும் செய்து கொடுப்பார். எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில். பாகம் பாகமாக வாங்கி அவரே பூட்டியது. அந்தக் குடும்பத்துக்கு ஏரும் மாடும் அதுதான்.

ஒரு வியாழக்கிழமை, கும்பகோணத்தில் கல்யாணம் என்று மகளும் மாப்பிள்ளையும் கிளம்பினார்கள். ஞாயிறு இரவு திரும்புவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை காலை ஒருவருக்கு அவர் படங்களை அனுப்பியாக வேண்டும். வீட்டில் நானும் பேரனும். அவன் ஒன்பதாம் வகுப்பு முடித்தவன். அன்று மாலை அவன் கம்ப்யூட்டரைப் போட்டான். அது மாவு மில் மாதிரி இரைந்தது. "ஃபேன்ல தூசி தாத்தா. அப்பா கிளீன் பண்ணணும்னு சொல்லிட்டே இருக்கார்" என்றான்.

ஓய்வு பெற்றவர்களுக்கென்று ஒரு வியாதி உண்டு. யாரும் கேட்காமலே உதவி செய்வது. ஃபேனைத் துடைப்பதில் என்ன இருக்கிறது, அவர் வந்து பார்க்கும்போது சத்தமில்லாமல் ஓடட்டும் என்று நினைத்தேன். பிளக்கைப் பிடுங்கி, பக்கப் பலகையைக் கழற்றினேன். ஃபேனும் அதன் அடியில் அலுமினியத் தகடுகளும் சேர்ந்ததைக் கூலர் என்கிறார்கள். அதை நான்கு பக்கமும் துடைக்க வேண்டுமானால் வெளியே எடுக்க வேண்டும். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கொக்கி. கழற்றினேன். வரவில்லை. கொஞ்சம் பலமாக இழுத்தேன். டப்பென்று வந்தது. வந்த வேகத்தில் கை ஆடி, கூலர் கேபினட் விளிம்பில் ஒரு இடி இடித்தது.

திருப்பிப் பார்த்தால், அடியில் ப்ராஸசர் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ப்ராஸசர் என்பது கம்ப்யூட்டரின் மூளை. எங்கள் வீட்டிலிருந்தது நான்கு சென்டிமீட்டர் சதுரம். அடிப்பக்கம் 1331 பின்கள். பின் என்றால் நாம் ஆபீஸில் குத்தின குண்டூசி இல்லை. அதில் பத்தில் ஒரு பங்கு நீளம்கூட இருக்காது. தங்க முலாம் பூசியது. ஒரு பின்னுக்கும் அடுத்ததற்கும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. இத்தனையும் போர்டிலுள்ள சாக்கெட்டின் குழிகளில் இறங்க வேண்டும். சாக்கெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கிறது. அதை மடக்கினால் பின்களைப் பிடிக்கும், தூக்கினால் விட்டுவிடும். நான் இழுத்தபோது அது மடங்கித்தான் இருந்தது. ப்ராஸசருக்கும் கூலருக்கும் நடுவே சூடு கடத்த ஒரு பசை தடவுவார்கள். அது வருஷக்கணக்கில் காய்ந்து கோந்தாகியிருந்தது. சாக்கெட்டின் பிடியைவிடப் பசையின் பிடி பெரியதாகிவிட்டது.

பின்னால் தெரிந்துகொண்டது: கூலரைக் கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பசை இளகிய சூட்டில், கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுக்க வேண்டும். மேலே இழுக்கவே கூடாது. இதை முன்பே யாராவது சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கிறார்கள், நான்தான் கேட்கவில்லை.

மகளின் ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஓரங்களை மட்டும் பிடித்துத் திருகி, ப்ராஸசரைக் கூலரிலிருந்து பிரித்தோம். பேரன் போனில் படமெடுத்துப் பெரிதாக்கிக் காட்டினான். ஒரு மூலையில் பின்கள் சாய்ந்திருந்தன. எண்ணினோம். ஏழு. ஆறு பின்கள் காற்றில் சாய்ந்த நாற்று மாதிரி. ஒன்று ஏறக்குறையப் படுத்தே விட்டது.

"அப்பாகிட்ட சொல்லலாமா?" என்றான். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. புதிதாக வாங்கினால் என் பென்ஷனில் பாதிக்கு மேல் போகும். பணம்கூடப் பரவாயில்லை. திங்கட்கிழமை காலை அனுப்ப வேண்டிய படம்?

வெள்ளிக்கிழமை காலை எவர்சில்வர் டப்பாவில் பழைய வேட்டித் துணியை மடித்து, ப்ராஸசரைப் பின்கள் மேலே பார்க்க வைத்து, பேரனையும் கூட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். வேகத்தடை வரும்போதெல்லாம் டப்பாவை மடியிலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் "பிரசாதமா?" என்று கேட்டார்.

கம்ப்யூட்டர் கடைப் பையன் ஒரு பார்வை பார்த்தான். "இது போச்சு சார். ரிச்சி ஸ்ட்ரீட்ல புதுசு வாங்கிடுங்க. நிமித்தினா உடைஞ்சிடும், நாங்க கை வைக்க மாட்டோம்." அவன் சொன்னதில் தப்பில்லை. உடைந்தால் பழி அவன் மேல் வரும். பசை மட்டும் ஒரு ட்யூப் வாங்கிக்கொண்டேன். அங்கிருந்து நேரே பஜாரில் வாட்ச் ரிப்பேர் செய்யும் என் பழைய நண்பரிடம் போனேன். அவர் கண்ணில் லென்ஸை மாட்டி வெகுநேரம் பார்த்தார். "தங்கம் பூசியிருக்கே தவிர, உள்ள செம்புக் கலப்புதான். ஒரு தடவை வளையும். திரும்ப நிமிரும். மறுபடி மறுபடி ஆட்டினீங்க, கையோட வந்துடும்" என்றார். லென்ஸையும் கழற்றிக் கொடுத்தார். "மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுச் செய்யாதீங்க. கை நடுங்கும். விட்டுட்டுச் செய்யுங்க."

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு நிப்பு ஞாபகம் வந்தது.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகும் எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான். பால்பாயின்ட் பேனாவுக்கு அனுமதியில்லை. கட்டைப் பேனாவில் செர்ஜான் மஜோர் நிப்பைச் செருகி, மேஜைக் குழியிலிருக்கும் பீங்கான் மைக்கூட்டில் தோய்த்து எழுத வேண்டும். கீழ்நோக்கி இழுத்தால் தடித்த கோடு, மேல்நோக்கி மெல்லிய கோடு. கொஞ்சம் அழுத்தினால் நிப்பின் இரண்டு இதழில் ஒன்று வளைந்துகொள்ளும். புது நிப்புக்குக் காசு கேட்டால் வீட்டில் கிடைப்பது வேறு. அதனால் எல்லாரும் கட்டைவிரல் நகத்தில் வைத்து நிமிர்த்துவோம். முதல் தடவை நிமிரும். இரண்டாவது தடவை விறைப்பாகத் தெரியும். மூன்றாவது தடவை முறியும். எங்கள் மிஸியே வரிசைக்கு நடுவே நடந்துகொண்டே "தூஸ்மான், தூஸ்மான்" என்பார். மெதுவாக, மெதுவாக. செங்கல்பட்டுக்கு வந்து இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, தமிழில் குறிப்பு எழுதக் கற்றுக்கொண்டு, ஓய்வு பெறும் வரை அந்தப் பிரெஞ்சு எனக்கு ஒரு பைசாவுக்குப் பிரயோஜனப்படவில்லை. பொறுமை மட்டும் பிரயோஜனப்பட்டது, கோப்புகளிடமாவது.

சனிக்கிழமை காலை வெயில் நன்றாக ஏறும் வரை காத்திருந்தேன். புரை எடுத்த கண்களுக்கு ட்யூப் லைட் போதாது. ஜன்னலோரம் மேஜை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தேன். உடம்பில் நிலைமின்சாரம் இருந்தால் அது அப்படி இறங்கிவிடும். பேரன் தன் மைக்ரோ டிப் பென்சிலைக் கொடுத்தான். 0.5 மில்லிமீட்டர். உள்ளேயிருந்த லெட்டை எடுத்துவிட்டால் முனையில் ஊசி மாதிரி ஒரு சின்னக் குழாய் மிஞ்சும். அதைப் பின்னின் மேல் மாட்டி, பென்சிலை மயிரிழை சாய்த்தால் பின் அதோடு வரும். சிலர் பழைய பிளேடால் நெம்புவார்களாம். எனக்குத் துணிச்சல் வரவில்லை. பிளேடு அடுத்த பின்னையும் தொடும்.

ஆறு பின்களுக்கு ஒரு மணி நேரம். மாட்டுவது, சாய்ப்பது, எடுப்பது, லென்ஸில் பார்ப்பது. பிறகு கண்ணைப் பலகை மட்டத்துக்கு இறக்கி வரிசையை ஒரு முனையிலிருந்து பார்ப்பது, வரப்பில் குனிந்து நடவு பார்ப்பதைப் போல. கோணலாக நிற்பது தனியாகத் தெரியும். நிஜமாகவே நேர்க்கோடாக்க வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. குழியில் இறங்குகிற அளவுக்கு நிமிர்ந்தால் போதும். அழகு பார்த்து இன்னொரு தடவை தொட்டால், அது நிப்பின் மூன்றாவது தடவை.

ஏழாவது பின் படுத்திருந்ததால் குழாய் அதில் நுழையவில்லை. தையல் ஊசியின் முனையை அடியில் கொடுத்து முதலில் பாதி தூக்கினேன். அங்கேயே நிறுத்திவிட்டு இருவரும் மோர் குடித்தோம். பிறகுதான் பென்சில். ஒரே திசையில், ஒரே தடவையில், நிறுத்தாமல். அடியில் லேசாக ஒரு மடிப்புத் தடம் தெரிந்தது. மேலே தொடவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது என்னைப் பார்த்துச் செய்யப்போய்க் கெடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லா ப்ராஸசரிலும் பின் அடியில் இருக்காது. இன்டெல்காரர்கள் மேஜைக் கம்ப்யூட்டர்களில் 2004-லேயே பின்களைப் போர்டின் சாக்கெட்டுக்கு மாற்றிவிட்டார்கள். ஏஎம்டி 2022-இல் வந்த ஏஎம்5 வகையில் மாற்றியது. அந்தச் சாக்கெட்டில் இருப்பவை நேரான பின்கள் அல்ல, வளைந்த குட்டி ஸ்பிரிங்குகள். அவற்றை நிமிர்த்த இந்தப் பென்சில் வித்தை உதவாது.

பழைய பசையைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தோம். நெம்புகோலைத் தூக்கி, ப்ராஸசர் மூலையிலுள்ள முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி வைத்தேன். தன் எடையிலேயே இறங்க வேண்டும், அழுத்தக் கூடாது. ஒரு மூலை தூக்கி நின்றது. எடுத்துப் பார்த்தால், ஆறில் ஒன்று இன்னும் கொஞ்சம் சாய்வு. மறுபடி பென்சில். இரண்டாம் முறை சத்தமில்லாமல் உட்கார்ந்தது. நெம்புகோலை மடக்கினேன். துவரம்பருப்பு அளவு புதுப் பசை. கூலரை மாட்டி, இணைப்புகளைக் கொடுத்தோம். பேரன் சுவிட்சில் விரலை வைத்தான்.

"இரு" என்றேன்.

அது வேலை செய்துவிட்டால் மாப்பிள்ளையிடம் நான் சொல்ல மாட்டேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. வேலை செய்யாவிட்டால் வேறு வழியில்லாமல் சொல்வேன். இரண்டும் சரியில்லை. ஆபீஸில் தன்பதிவேட்டில் தப்பாக எழுதிவிட்டால் பிளேடால் சுரண்டக் கூடாது. படிக்கிற மாதிரி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். எத்தனை இளையவர்களுக்கு நானே இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

போன் போட்டேன். பின்னால் நாதஸ்வரம். மண்டபத்துக்கு வெளியே வரச் சொல்லி, இழுத்தது, இடித்தது, டப்பா, பஸ், பென்சில், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எத்தனை பின் மாமா?"

"ஏழு."

"ஏதாவது உடைஞ்சுதா?"

"இல்லை மாப்பிள்ளை. ஒண்ணு மட்டும் அடியில தடம் விழுந்திருக்கு."

மறுபடி மௌனம். கோபத்தை விழுங்குகிற மௌனம்தான்; எனக்குப் புரியாமலில்லை.

"ஃபேன் வயரை மறக்காம சொருகினீங்களா?"

பேரன் குனிந்து பார்த்தான். சொருகவில்லை. சொருகினோம்.

"இப்ப ஆன் பண்ணுங்க. நான் லைன்லயே இருக்கேன்."

ஃபேன் சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. பத்து வினாடி இருக்கும்; எனக்கு அது ஒரு ஆடிட் நாள் மாதிரி இருந்தது. பிறகு எழுத்துகள் வந்தன. மெமரி முழுதாகக் காட்டுகிறதா பார்க்கச் சொன்னார். ஏதாவது ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால் பாதி மெமரி காணாமல் போவதுண்டாம். 16 ஜிபி, முழுதாக இருந்தது. "சரி மாமா. சாப்பிடப் போறேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு இரவு வந்ததும் பையைக்கூட வைக்காமல் போய் ஃபேன் சத்தத்தைக் கேட்டார். படங்கள் திங்கட்கிழமை போய்ச் சேர்ந்தன. அதன்பிறகு வீட்டில் ஒரு ஏற்பாடு. மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தூசி தட்டுவது என் பொறுப்பு. கூலரைக் கழற்றுவது அவர் பொறுப்பு. லென்ஸை வாட்ச் நண்பரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேரனுக்குத்தான் இன்னும் மைக்ரோ டிப் பென்சில் பாக்கி. குழாய் சற்று வளைந்துவிட்டதால் லெட் உடைகிறதாம்.